பெரியவளின் குரல்

ஆக்சிஜன் முகமூடியைச் சற்றே தூக்கி, நனைத்த பஞ்சை அக்காவின் உதட்டில் ஒற்றினாள் சின்னவள். உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருப்பவள் அவள். அடுத்தவர் வாயைத் துடைப்பதுதான் அன்றாட வேலை.

"வந்துடுச்சா?" என்றாள் அக்கா.

"காலையிலயே வந்துடுச்சுக்கா."

"எல்லாப் பாட்டுமா?"

"எல்லாம்தான். நீ பேசாத, மூச்சு வாங்குது பாரு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில் புதிய ஆல்பம் வெளியிட்ட பாப் பாடகி, வெளியான அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள்.

இருபத்துச் சொச்ச வயதில் அவள் பாடிய லிஃப்ட் பாட்டை இன்னும் கல்யாண வரவேற்புகளில் போடுகிறார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெண், 'மேல போறேன், மேல போறேன்' என்று குதித்துக் குதித்துப் பாடுவாள். அந்த ஒரே பாட்டில் கொடிகட்டிப் பறந்தவள், பிறகு கல்லூரி விழா, கடைத் திறப்பு, பிறந்தநாள் விருந்து என்று ஒவ்வொரு படியாக இறங்கினாள். "மேல போறேன்னு பாடிப் பாடியே கீழ வந்தவ நான் ஒருத்திதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நுரையீரலில் நோய் என்று தெரிந்த பிறகு அந்தச் சிரிப்பிலும் கொஞ்சம் மாற்றம் செய்துகொண்டாள். "நான் செத்தா அதைத்தான் போடப் போறாங்க, பாரு. பொருத்தமாத்தான் இருக்கும்."

புது ஆல்பம் போடப் போவதாக அவள் சொன்னபோது வீட்டில் யாரும் கைதட்டவில்லை. "இந்த வயசுல பாப் பாட்டா? இடுப்பு தாங்குமாடி?" என்றாள் அம்மா.

"இடுப்பு வலியைப் பத்தித்தாம்மா பாட்டே."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு அது காயக் காத்திருக்கும் ஒருத்தி, பிள்ளை பிறக்காத வீட்டின் ஞாயிற்றுக்கிழமை மதியம், மூட்டுவலியோடு ஆடுகிறவள் என்று எல்லாவற்றையும் அவளே எழுதினாள். குரல் கனத்து, ஓரங்களில் கரகரத்திருந்தது. அதை மறைக்கவும் இல்லை. "அப்ப குரல் இருந்துச்சு, சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. இப்பத்தான் ரெண்டும் ஒண்ணா கைக்கு வந்திருக்கு" என்றாள்.

மேடைகளுக்கு ஒலி அமைத்துக் கொடுப்பவர் அக்காவின் கணவர், மாமா. படுக்கையறைச் சுவர்களில் மெத்தைகளைச் சாய்த்து, அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே தொங்கும் துணிகளுக்கு எதிரே மைக்கை வைத்து, ஒவ்வொரு பாட்டாகப் பதிவு செய்தார். பாதிப் பாட்டு முடிந்தபோது இருமல் வந்தது. முக்கால்வாசி முடிந்தபோது இருமலுக்குப் பெயர் தெரிந்தது. கடைசிப் பாட்டுக்கு நீண்ட மூச்சு வேண்டும். அக்கா எத்தனையோ தடவை முயன்றாள். இரண்டாவது வரியிலேயே சாய்ந்துவிடுவாள்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒருநாள், வேலை முடிந்து சீருடையோடு வந்த சின்னவளிடம், "நீ பாடிடு" என்றாள்.

"நானா? விளையாடறியா?"

"ஒரே வயித்துல வந்த தொண்டைதானே ரெண்டும். சின்ன வயசுல பக்கத்து அறையில நாம பாடினா அம்மாவுக்கே யாருன்னு தெரியாது. மூணு பேருக்குள்ள இருக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாத."

'மூச்சு விடாத' என்றவுடன் மூவருமே சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு மறுக்க முடியவில்லை. சின்னவள் மைக் முன்னால் நின்றாள். பாடுவதை விட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அக்கா மேடையேறத் தொடங்கியபோது ஓரத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றவள், அப்படியே நின்றுவிட்டாள். ஆனால் வாயைத் திறந்ததும் பாட்டு தானாக வந்தது. முதல் முறையிலேயே முடிந்துவிட்டது.

"நல்லாருக்கு" என்றாள் அக்கா. எழுந்து குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது. மாமா வயர்களைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார்.

"யாராவது ஏதாவது எழுதியிருக்காங்களா?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா மறுபடி கண்ணைத் திறந்திருந்தாள்.

சின்னவள் போனைப் பார்த்தாள். எழுதியிருந்தார்கள். 'மத்ததெல்லாம் சுமார், கடைசிப் பாட்டு மட்டும் வேற லெவல்.' 'கடைசிப் பாட்டுல அந்தப் பழைய குரல் திரும்பி வந்துடுச்சு.' 'முதல் பாட்டு கேட்டுப் பாதியில விட்டுட்டேன், பாட்டி மாதிரி இருக்கு. கடைசிப் பாட்டைக் கேட்டு அழுதுட்டேன்.' விரலால் தள்ளத் தள்ள அதுவேதான் வந்தது.

"படியேன்."

"முதல் பாட்டு ரொம்பப் பிடிச்சிருக்காம்" என்றாள் சின்னவள். "குரல்ல ஒரு கனம் இருக்காம். இப்பத்தான் நிஜமா பாடறாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்."

"நிஜமாவா?"

"இன்னொருத்தி, சாயம் பூசற பாட்டு தன்னோட கதைதான்னு எழுதியிருக்கா."

அக்காவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. சற்று நேரம் அதை அனுபவித்தாள். பிறகு கேட்டாள்.

"கடைசிப் பாட்டு?"

"அதைப் பத்தி யாரும் பெருசா ஒண்ணும் சொல்லல."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று அந்தக் கண்ணில் தேடினாள் சின்னவள். ஒன்றும் தெரியவில்லை.

"பாவம்டி" என்றாள் அக்கா. "நீ நல்லாத்தான் பாடினே."

அவள் பேசியது அதுதான் கடைசி. மதியம் மாமா கேன்டீனில் டீ வாங்கப் போயிருந்த சமயத்தில் மூச்சு நின்றது. நர்ஸ் வந்து முகமூடியைக் கழற்றினாள். மூக்கின் மேல் அது பதிந்த தடம் மட்டும் சிவப்பாக இருந்தது. இரண்டு டீயோடு திரும்பி வந்த மாமாவுக்கு அவற்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கையில் பிடித்தபடியே நின்றார்.

மறுநாள் உடலை ஒரு சின்ன ஹாலில் வைத்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். ஆல்பம் வெளியான அன்றே பாடியவள் இறந்துபோன செய்தி ராத்திரிக்குள் பரவி, அதோடு கடைசிப் பாட்டும் பரவியிருந்தது. பாட்டுக் கம்பெனியிலிருந்து கறுப்புச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் இரண்டு ஸ்பீக்கரோடு வந்தான்.

"கடைசிப் பாட்டைப் போட்டுடலாம் சார்" என்றான் மாமாவிடம். "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க."

மாமா சின்னவளைப் பார்த்தார்.

"முதல் பாட்டைப் போடுங்க" என்றாள் அவள்.

"அது வேணாங்க. அதுல அங்கங்க மூச்சு வாங்குது. கேக்க ஒரு மாதிரி இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கடைசிப் பாட்டு அப்படியில்லங்க. சாகப்போறது தெரிஞ்சு ஒரு மனுஷி பாடினது. அதை நடிச்சு வரவைக்க முடியாது. எனக்கே ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல."

அன்றைக்கு மைக் முன்னால் நிற்பதற்குச் சற்று முன்புதான் சமையலறையில் இரண்டு பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டிருந்தாள் சின்னவள். பாடும்போது பல்லிடுக்கில் பிஸ்கட் துணுக்கு ஒன்று மாட்டிக்கொண்டு உறுத்தியது அவளுக்கு நினைவிருந்தது.

மாமா அவளைத் தூண் பக்கம் அழைத்துப் போனார். "சொல்லிடலாமா?"

"சொன்னா அக்காவைப் பித்தலாட்டக்காரின்னுவாங்க மாமா. செத்தவளாச்சேன்னும் பார்க்க மாட்டாங்க. அப்புறம் அவ பாடினதை எவன் கேப்பான்?"

"சொல்லலேன்னா மட்டும் கேக்கப் போறாங்களா?"

அதற்குள் ஸ்பீக்கரில் பாட்டு தொடங்கியது. ஹாலில் பேச்சு நின்றது. தெரியாத பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூக்களுக்கு நடுவே அக்கா வாயை இறுக மூடிப் படுத்திருக்க, அவள் தலைமாட்டிலிருந்து சின்னவளின் குரல் எழுந்து ஹாலை நிரப்பியது. சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே மூச்செடுக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும் நெஞ்சு தானாக ஏறியது. கையைக் கட்டி அதை அமுக்கிக்கொண்டாள்.

"நீங்க தங்கச்சியா?" பக்கத்திலிருந்த ஒருத்தி கேட்டாள். "நீங்களும் பாடுவீங்களா?"

"இல்லங்க."

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாமா ஹால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அம்மா படுக்கையறையில், மெத்தைகள் இன்னும் சுவரில் சாய்ந்திருந்த அந்த அறையில், கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அங்கே அழாதவள் இங்கேயும் அழவில்லை.

"சின்னவளே, அந்தப் பாட்டை வை."

"எந்தப் பாட்டும்மா?"

"அங்க போட்டாங்களே, அதுதான்."

"வேற வைக்கிறேன்மா. முதல் பாட்டு நல்லாருக்கும். அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சது."

"அதெல்லாம் கேட்டேன். யாரோ பாடற மாதிரி இருக்கு. இதுலதான் என் பெரியவ இருக்கா. பெத்தவளுக்குத் தெரியாதா?"

சின்னவள் போனை எடுத்துப் பாட்டை வைத்தாள். கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க போற? உக்காரு. அவ பாடறா பாரு."

உட்கார்ந்தாள்.

"காது கேக்கல. சத்தமா வை."

சத்தத்தைக் கூட்டினாள். அம்மா குனிந்து, காதைப் போனுக்கு அருகே கொண்டுபோனாள். வாசலில் செருப்பில் ஒரு கால் நுழைத்திருந்த மாமா அப்படியே நின்றிருந்தார், வெளியே போகாமலும் உள்ளே வராமலும்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் அம்மா.