இடதுபக்கம் ஓடினவன்

இந்தக் காலத்து ஆக்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு இங்கிலீசுச் 'சொறி' போதும். மோட்டார் சைக்கிளால் ஆட்டை அடித்துக் கொன்றுவிட்டுச் சொறி. கலியாண வீட்டில் குடித்துப் பந்தலைச் சரித்துவிட்டுச் சொறி. அடுத்த ஞாயிறு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்து முன்வாங்கில் குந்துவான். பக்கத்தில் இருக்கிறவனும் அரக்கி இடம் விடுவான். இடம் விடுகிறவனைக் கண்டால்தான் செபஸ்தியாம்பிள்ளைக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

"பிழை விட்டவனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. பாத்துக்கொண்டிருக்கிறவங்களுக்குத்தான் அவனில இரக்கம்."

"ஆரை இப்ப ஏசுறியள்?" என்றாள் மனைவி அகஸ்ரினா. அவள் குசினி வாசலில் இருந்து கணவாய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பொதுவாத்தான்."

பொதுவாக இல்லை என்பது இருவருக்கும் தெரியும். நிலக்சன் போன கிழமை திரும்பப் பூசைக்கு வந்திருந்தான்.

படலை திறந்தது. வந்தது அன்ரோனெற் ரீச்சர். கல்லூரி உதைபந்து அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். பெடியங்களுக்கு ஒரு பொம்பிளை என்ன பந்து பழக்கப்போகிறாள் என்று ஊர் சிரித்தது. அணி இரண்டு கிண்ணத்தோடு வந்த பிறகு சிரிப்பு நின்றது. செபஸ்தியாம்பிள்ளை மட்டும் அப்போதும் முழுதாக நம்பவில்லை.

கதிரை போட்டும் ரீச்சர் இருக்கவில்லை. அவள் கண் வீட்டின் பக்கச் சுவருக்குப் போய் அங்கேயே நின்றது. சுவர் முழுக்க வட்டம் வட்டமாகப் பந்துத் தடம். அவர்களுடைய கடைசிப் பிள்ளை றொசாந்தன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் சோறு தின்ன முதலே அந்தச் சுவருக்குத்தான் அடிப்பான். "சுவர் விழப்போகுதடா" என்று தகப்பன் கத்தாத நாளில்லை. போன கச்சான் காற்றுக்குள் அவன் கடலோடு போனான். உடல் கிடைக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்க வந்தவனை அந்தச் சுவரில் கைவைக்க அகஸ்ரினா விடவில்லை. மூன்று சுவர் வெள்ளை, ஒன்று அழுக்கு.

பின்னேரங்களில் அந்தச் சுவரில் இன்னும் சத்தம் கேட்கும். தொம். கொஞ்சம் பொறுத்து, தொம்.

"கழுதை முதுகு தேய்க்குது" என்பார் செபஸ்தியாம்பிள்ளை. மன்னாரில் கழுதைக்கு என்ன குறை. ஆனால் எழும்பிப் போய்ப் பார்த்தால் கழுதை இருக்காது. மணலில் குளம்படியும் இருக்காது. "போயிட்டுது" என்று வந்து இருப்பார். அகஸ்ரினா ஒருநாளும் எழும்பிப் போய்ப் பார்த்ததில்லை.

ரீச்சர் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ஐயா, நிலக்சனைத் திரும்ப ரீமில சேர்க்கலாமெண்டு இருக்கிறன்."

அகஸ்ரினாவின் கத்தி நின்றது.

"சேருங்கோவன். அதுக்கு இஞ்ச ஏன் வந்தனீங்கள்?"

"றொசாந்தன்ர வீட்டில ஓமெண்டால் மட்டும்தான் எண்டு அதிபர் சொல்லிப்போட்டார்."

நிலக்சனும் றொசாந்தனும் ஒரே வகுப்பு, ஒரே அணி. நிலக்சன் நடுவில் நின்று பந்தை அடிப்பான், றொசாந்தன் இடப்பக்கக் கோட்டோரம் பறந்து போய் எடுப்பான். ஆரோ நிலக்சனுக்கு ஆசை காட்டினார்கள், கடலுக்குள் போய் இந்தியப் படகில் ஒரு பொதி வாங்கி வந்தால் போதும் என்று. கஞ்சாப் பொதி. தனியப் போகிற பயத்தில் அவன் கூட்டாளியைக் கூப்பிட்டான். கூட்டாளி தகப்பனுடைய பைபர் படகைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு போனான். தூரத்தில் நேவியின் வெளிச்சம் தெரிந்ததும் பதறிப்போய்த் திருப்பியதில் கடல் நடுவே மேடாகக் கிடக்கிற மணல் தீடைக்குக் கிட்டப் படகு கவிழ்ந்தது. விடியத் தீடையில் நிலக்சன் மட்டும் கிடந்தான், மூடி இறுக்கின ஒரு வெறும் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி.

"கானை ரெண்டுபேரும்தான் பிடிச்சிருந்தனாங்கள். அலையில அவன்ர கை நழுவிட்டுது." பொலிஸிலும் சொன்னான், பங்குச் சுவாமியிடமும் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். செபஸ்தியாம்பிள்ளை நம்பவில்லை. சின்னக் கான், இரண்டு வளர்ந்த பெடியங்கள். கடலுக்குள் ஒரு கானை இரண்டுபேர் பிடித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"பிணையில வந்து, பூசையை விட்டால் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான், ஐயா" என்றாள் ரீச்சர். "அந்தப் பொதிக்காரர் திரும்பவும் ஆள் விட்டுக் கேக்கினம். மைதானத்துக்கு வந்தால் என்ர கண்ணுக்கு முன்னால நிப்பான். இல்லாட்டி இன்னொருக்காப் படகில ஏறுவான்."

"ஏறட்டும்."

"பத்தொம்பது வயசுப் பிள்ளை. ஒருதரம் பிழை விட்டால் முழுக்கப் பிழையே? இன்னொரு தரம் குடுக்கக்கூடாதே?"

"குடுங்கோ. அவனுக்கு ரெண்டாந்தரம் நீங்கள் குடுப்பீங்கள். என்ர பிள்ளைக்கு ரெண்டாந்தரம் ஆர் குடுக்கிறது? நீங்களோ, உங்கட அதிபரோ, இல்லாட்டி மடு மாதாவோ?"

"மாதாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்?" என்று அகஸ்ரினா சீறினாள். பிறகு கணவாய்ச் சட்டியைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒருக்காப் போய் அவனைப் பாருங்கோ. பாத்திட்டு வேணுமெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ."

"எங்க போய்ப் பாக்கிறது?"

"நாளைப் பின்னேரம் கிறவுண்டுக்கு வாங்கோ" என்றாள் ரீச்சர். "சும்மா ஓடிப்பாக்க வரச்சொல்லியிருக்கிறன்."

"அப்ப என்னட்டைக் கேக்க முதலே அவனுக்குச் சொல்லியாச்சு."

ரீச்சரின் முகம் சிவந்தது. "ஓம்" என்றாள்.

மறுநாள் அவர் போனார். மன்னிக்க இல்லை. அந்தக் கானைப் பற்றி முகத்துக்கு நேரே கேட்க.

மைதானம் கடலைப் பார்த்தபடி கிடந்தது. காற்று மணலை வாரிக் காலில் எறிந்தது. கோல் கம்பத்தடியில் நின்ற கழுதைகளை ஒருவன் செருப்பெடுத்துக் கலைத்தான். செபஸ்தியாம்பிள்ளை இடப்பக்கக் கோட்டோரம் போய் நின்றார். மகன் விளையாடின காலத்தில் அவனை ஏசுவதற்கென்று அவர் நிற்கிற இடம் அது. கால் தானாகப் போய்விட்டது.

நிலக்சனை முதலில் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டிக் கழுத்தெலும்பு தெரிந்தது. ஆனால் பந்து காலுக்கு வந்ததும் பழைய ஆள்தான். ஒருவனை வெட்டி, இன்னொருவனை ஏய்த்து, நிமிர்ந்து பார்த்து, இடப்பக்கம் நீளமாக ஒரு பாஸ் அடித்தான்.

அங்கே ஒருவரும் இல்லை. பந்து கோட்டைத் தாண்டிப் போனது.

"பழக்கமில்லாமல் போச்சுது" என்று கத்தினான் ஒருவன். கொஞ்ச நேரத்தில் இன்னொருதரம் அடித்தான். அதே இடம், அதே வெறுமை. பெடியங்களுக்குச் சினம் வந்தது.

"டேய், ஆருக்கடா அடிக்கிறாய்? பேய்க்கே?" என்றான் கோல் காப்பவன். கோட்டோரம் நிற்கிற கிழவனை அப்போதுதான் கண்டான். நாக்கைக் கடித்துக்கொண்டு கையுறையைச் சரி பார்த்தான்.

மூன்றாந்தரம் நிலக்சன் கையையும் உயர்த்தினான். "றொசான், போ!"

பந்து புல்லில்லாத தரையில் உருண்டு உருண்டு வந்தது. அதுக்கு முன்னால் மணல் சின்னச் சின்னதாகத் தெறித்ததைச் செபஸ்தியாம்பிள்ளை கண்டார். காற்றாகத்தான் இருக்கவேண்டும். இடது காதுக்குக் கிட்ட, ஒருவன் ஓடிவந்து நின்று மூச்சு வாங்குவதுபோல அந்தக் காற்று இரைந்தது. பந்து அவர் காலில் முட்டியது. அவர் அதன்மேல் காலை வைத்தார்.

மைதானத்தில் ஒருவரும் அசையவில்லை. நிலக்சன் மெல்ல நடந்து வந்தான். பின்னால் ரீச்சர் ஓடிவந்தாள்.

"மாமா..."

"மாமா எண்டு கூப்பிடாதை. கானை ஆரடா பிடிச்சிருந்தது?"

அவன் ரீச்சரைப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான்.

"நான்."

"ரெண்டுபேரும் எண்டெல்லே சொன்னனீ."

"பொய். நான்தான் பிடிச்சிருந்தனான். அவன் பக்கத்தில நீந்தி வந்தவன். இடப்பக்கமா. 'தா' எண்டு கேக்கேல்லை. கதைச்சுக்கொண்டுதான் வந்தவன்."

"என்ன கதைச்சவன்?"

"செமிபைனலைப் பற்றி. கோனர் கிக் ஆர் அடிக்கிறதெண்டு. பிறகு கதை நிண்டிட்டுது. நான் திரும்பிப் பாக்கேல்லை. பாத்தால் கானைக் குடுக்கவேண்டி வருமெண்டு பாக்கேல்லை. இப்பவும் அந்தப் பக்கம் ஆள் ஓடுற சத்தம் கேக்கும், மாமா. அடிச்ச பிறகுதான் ஆளில்லையெண்டு தெரியும்."

இத்தனை மாதமாகச் செபஸ்தியாம்பிள்ளை வாய்க்குள் வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நிலக்சன்" என்றாள் ரீச்சர். குரல் உடைந்திருந்தது. "இதை என்னட்டையும் நீ சொல்லேல்லை."

"சொன்னால் சேர்த்திருப்பீங்களோ, ரீச்சர்?"

ரீச்சர் மற்றப் பெடியங்கள் நிற்கிற பக்கம் திரும்பினாள்.

"கேக்கிறானெல்லே, சொல்லுங்கோ" என்றார் கிழவர். "நேற்று வீட்டை வந்து நிண்டு பிள்ளை, பிள்ளை எண்டியள். இப்பவும் சேர்ப்பீங்களோ?"

கழுத்தில் தொங்கிய விசிலை அவள் விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுற்றினாள்.

"சேர்ப்பன்" என்றாள் கடைசியில். "ஆனால் நேற்று மாதிரி நெஞ்சு நிமித்திச் சொல்ல ஏலாமக் கிடக்கு, ஐயா."

"அப்ப உங்கட தலையில வைச்சுச் சேருங்கோ. ரெண்டாந்தரம் குடுக்கிறவை தாங்களே சுமக்கவேணும். செத்தவன்ர தகப்பனிட்ட ஓம் வாங்கிக்கொண்டு போய்ச் சுகமா நித்திரை கொள்ளக்கூடாது. ஓமெண்டு நான் சொல்லமாட்டன். இல்லையெண்டும் சொல்லேல்லை. அதிபரிட்ட அப்பிடியே சொல்லுங்கோ."

ரீச்சர் தலையாட்டினாள்.

"விளையாட விடுறதெண்டால் இவனை இடப்பக்கம் விடுங்கோ" என்றார் கிழவர்.

நிலக்சன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "ஐயோ மாமா, அந்த இடம் எனக்கு வேண்டாம். நடுவில நிக்கிறன், பின்னுக்கு நிக்கிறன், எங்கயெண்டாலும்..."

"உனக்கு வேணுமோ எண்டு ஆரடா கேட்டது? அங்க நீயே நிண்டால் பிறகு ஆருக்கு அடிப்பாய்?"

பந்தை அவர் அவனிடம் கொடுக்கவில்லை. காலை எடுத்தார், அவ்வளவுதான். அது காற்றோடு தானாக உருண்டு கோட்டுக்குள்ளே போனது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்காமல் அவர் திரும்பி நடந்தார்.

பின்னால் விசில் கேட்டது. பந்தடி தொடங்கியது.

திருந்துவானாம். பொலிஸுக்குப் பொய் சொன்னவன், சுவாமிக்குப் பொய் சொன்னவன், இண்டைக்குச் சொன்னது மட்டும் உண்மையெண்டு ஆர் கண்டது? கிழவனின் மனதை இளக்க அதையும் யோசித்து வைத்திருக்கலாம். ரீச்சரும் பாவம், நல்ல மனுசி. நல்ல மனுசரைத்தான் முதலில் ஏமாற்றுவார்கள். அடுத்த கச்சானுக்குள் அவன் படகில் ஏறாவிட்டால் பார்ப்போம். அப்போதும் நம்புகிறதோ விடுகிறதோ, அது பிறகு.

பனை வடலிகளுக்குள் பாதை ஒடுங்கியது. மைதானத்துச் சத்தம் தேய்ந்துபோன பிறகு, அவருக்கு இடப்பக்கமாக மணலில் ஆரோ ஓடுகிற சத்தம் கேட்டது. இளம் கால்கள். அவர் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. மெதுவாக நடந்தால் அதுவும் பொறுத்தது.

செபஸ்தியாம்பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

"கழுதை" என்று சொல்லிக்கொண்டு நடந்தார்.