தம்பி வேகமாக்கிய கம்ப்யூட்டர்

என் பழைய கம்ப்யூட்டரில் மெமரி குறைவு. இடம் போதாவிட்டால் மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொண்டு, முக்கி முனகியாவது வேலையை முடித்துத் தரும். பத்து வருடமாக ஊரார் ஆய்வேடுகளை அதில்தான் தட்டச்சு செய்து கொடுக்கிறேன்.

நேற்று வந்த தம்பி, என்னைக் கேட்காமலே அந்த வசதியை நிறுத்தினான். “இதாலதான்க்கா ஸ்லோ. இனிமே பறக்கும் பாரு.”

பறந்தது. இன்று ஆய்வேட்டில் சேர்க்க நாலு படங்களைத் திறந்ததும், மெமரி போதவில்லை என்று சொல்லி மூடிக்கொண்டது. ஒருநாளும் கைவிடாது என்ற நம்பிக்கையில் நான் சேமிக்காமல் அடித்திருந்த இருபது பக்கமும் போயிற்று.

தம்பிக்குப் போன் செய்தேன்.

“டப்பா மெஷின்க்கா. தூக்கிப் போடு.”

“போட்டுடறேன்டா, மேதாவி. போனது உன்னோட ஆய்வேடுதான். நாளைக்குக் குடுக்கணும்னியே, நீயே வந்து உக்காந்து அடி.”