தெரியாதுன்னு சொன்ன வாய்

ரொட்டிக் கடையின் பின்கட்டில் பன்னை உறையில் போட்டு ஒட்டுவது அவள் வேலை. எதையும் வெளியே சொல்லமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அழுத்தக்காரி என்று பேர். கணவன் செத்துப்போன கையோடு தனக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்தபோதும் அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மாத்திரை ஆரம்பித்த புதிதில் ஒரே குமட்டல். "எதுக்கு இந்தப் பாடு, போய்ச் சேர்ந்துடலாம்" என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் முணுமுணுத்தாள். பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. அவளை அங்கே எல்லோரும் வாயாடி என்பார்கள்.

"போற வழி எப்பவும் திறந்துதான்க்கா இருக்கு. இன்னைக்கு மாத்திரையைப் போட்டுட்டு நாளைக்குப் போங்க."

அன்றிலிருந்து மாதாமாதம் இருவரும் சேர்ந்தே மாத்திரை வாங்கினார்கள். குமட்டல் நின்றது, அழுத்தக்காரிக்கு உடம்பு தேறியது.

ஒருநாள் கடையில் ஆள் குறையவே, அவளை முன்னால் நிற்கச் சொன்னார்கள். தற்செயலாக வாயாடி படியேறி வந்தாள்.

"அட, அக்கா, இங்கேயா இருக்கீங்க?" முகமெல்லாம் பல்.

முதலாளி நிமிர்ந்தார். "யாரும்மா, தெரிஞ்சவங்களா?"

எப்படிப் பழக்கம் என்று அடுத்துக் கேட்பாரே. அழுத்தக்காரி பன் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "தெரியாதுங்க. ஆள் மாறிக் கூப்பிடுறாங்க."

வாயாடி முதலாளி பக்கம் திரும்பினாள். "ஆமாங்க, நான்தான் தப்பா நினைச்சுட்டேன்" என்று அந்தப் பொய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டு, பன்கூட வாங்காமல் இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் அவளைக் காணோம். நல்லதாப் போச்சு, முகத்தில் முழிக்க வேண்டாம் என்று அழுத்தக்காரி நினைத்தாள். பின்னால் அவளை அதிகம் குடைந்தது அந்த நினைப்புதான். மறு மாதமும் காணோம் என்றதும் பொறுக்கவில்லை. முன்பொருமுறை மழைக்கு ஒதுங்கியதில் வாயாடியின் வீடு தெரியும். தேடிப் போனாள்.

வாயாடி எலும்பும் தோலுமாய்ப் படுத்திருந்தாள். பேச்சுக்கு முன்னால் இருமல் வந்தது.

"ஏண்டி மாத்திரையை விட்டே? என்னாலயா?"

"அங்கே வந்தா உங்க பக்கத்துல உட்காரணும். நீங்க தலையைக் குனிஞ்சுப்பீங்க. அதைப் பார்க்க மனசு வரலைக்கா. வேற நாள்ல போகலாம்னு தள்ளிப்போட்டேன். அப்படியே விட்டுப்போச்சு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அன்றே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். காசநோய் என்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் நுரையீரல் பழையபடி ஆகவில்லை. ரெண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும். அவளை வாயாடி என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை.

வருஷங்கள் ஆகிவிட்டன. அழுத்தக்காரி ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிடுவதில்லை. எப்படிம்மா சலிக்காம போடுறே என்று டாக்டர் கேட்டால், "உயிர் மேல ஆசைதான்" என்கிறாள். அதில் பாதிதான் உண்மை. இவள் படுத்துவிட்டால் அவளைக் கைப்பிடித்து ஆஸ்பத்திரிப் படியேற்ற வேறு நாதியில்லை.

மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை வாயெடுத்துப் பார்த்துவிட்டாள். "வரிசை நகருதுக்கா" என்று அவள் முந்திக்கொள்கிறாள்.