ஜானவாசக் கோட்டு

ஜானவாசத்துக்கு மாப்பிள்ளை போட்டுக்கொள்ளும் கோட்டைப் பெண் வீட்டார் கொடுக்க வேண்டும். இது சாஸ்திரத்தில் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எப்படியோ உள்ளே வந்த வழக்கம். ஆனாலும் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், நாதஸ்வரம் முன்னால் போக, மாப்பிள்ளை திறந்த காரில் வரும்போது தெருவே வாசலில் நின்று முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். துணி எப்படி, தையல் எப்படி, பெண் வீட்டார் மனசு வைத்துச் செய்தார்களா, கடனே என்று செய்தார்களா, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

விஷ்ணுப்ரியா என் தம்பியின் பெண். தம்பி இல்லை. பெரியப்பா என்ற முறையில் நான்தான் முன்னின்று கல்யாணத்தை நடத்தினேன். தம்பி மனைவி மீராவிடம் நிச்சயத்தன்றே சொல்லிவிட்டேன்: எதிலாவது ஒரு குறை வந்தால், 'அப்பா இல்லாத பெண், கவனிக்க ஆளில்லை' என்று ஒரு வாயாவது சொல்லும். அந்தப் பேச்சு பெண்ணோடு கூடவே புக்ககம் போய்விடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

"நான் பாத்துக்கறேன் அண்ணா," என்றாள் மீரா. செக்ரடேரியட்டில் ஒரு பிரிவையே நடத்துகிறவள். "நீங்க கொஞ்சம் சிரிச்ச முகமா நின்னாப் போறும்."

கோட்டுத் துணியைக் கிழக்கேகோட்டைக் கடைத்தெருவில் ஒரு நல்ல தையல்காரரிடம் கொடுத்துத் தைத்தோம். கழுத்து வரை மூடிய ஜோத்பூரி கோட்டு. கருநீலம். முன்னால் ஐந்து பொன்னிறப் பொத்தான்கள். நல்ல நாள் பார்த்து, தாம்பூலத்தோடு கரமனையில் மாப்பிள்ளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஜானவாசத்தன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் தெருக்கோடிப் பிள்ளையார் கோவில் முன் கூடினோம். பக்கத்து வீட்டில் உடை மாற்றிக்கொண்டு மாப்பிள்ளை சுமந்த் வெளியே வந்தான். கோட்டின் மேல் ஜரிகை அங்கவஸ்திரத்தை மார்பு முழுவதும் சுற்றியிருந்தான். அந்தப் புழுக்கத்தில் அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவனுக்குப் பக்கத்தில், ஓர் அடிகூட விலகாமல், அவன் அத்தை வாலாம்பாள் நின்றாள்.

வாலாம்பாளைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். ஒரு கல்யாணத்தில், சபை நடுவில், சீர்த்தட்டில் வைத்த பருப்புத்தேங்காய்க் கூடு இரண்டும் ஏன் ஒரே உயரமில்லை என்று கேட்டவள்.

வீடியோ எடுக்க வந்த சாய் என்ற மலையாளப் பையன் கேமராவை இறக்கினான். "சேட்டா, அந்த ஷால் ஒண்ணு எடுத்து மாத்தினா கொள்ளாம். கோட் காணவே இல்லை."

"ஷால் அங்கயே இருக்கட்டும்," என்றாள் வாலாம்பாள்.

"ஒரே ஒரு ஷாட் மாமி."

"உன் ஷாட்டுக்காக வழக்கத்தை மாத்த முடியுமா? போய் நாதஸ்வரக்காராளை எடு."

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. சந்தனம் இடுவதற்காக நான் சுமந்த்தின் அருகே போனேன். அவன் குனிந்தபோது அங்கவஸ்திரம் சற்று விலகியது. மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. அந்த இடத்தில் இரண்டு நூல் பிசிறுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வாலாம்பாள் உடனே அங்கவஸ்திரத்தை இழுத்து மூடிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். எனக்கு விஷயம் விளங்கியது போலிருந்தது. கொடுத்த கோட்டில் பொத்தான் நிற்கவில்லை. அதை இப்போது சொல்ல மாட்டாள். ஊர்வலம் மண்டபத்துக்குப் போய், இரண்டு பக்கத்து மனிதர்களும் உட்கார்ந்த பிறகு, அங்கவஸ்திரத்தை எடுத்துக் காட்டுவாள். பருப்புத்தேங்காயைக் கேட்ட வாய் இதையா விடும்?

ஒதுங்கி நின்று மண்டபத்தில் இருந்த மீராவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"கோட்டுல பொத்தான் எல்லாம் இருந்துதா? பாத்துதானே குடுத்தே?"

"அஞ்சும் இருந்துது. நானே இழுத்துப் பாத்தேன். ஏன் அண்ணா?"

"ஒண்ணுமில்லை."

"நீங்க ஒண்ணுமில்லைன்னா என்னமோ இருக்குன்னுதான் அர்த்தம். நான் வரட்டா?"

"வேண்டாம். அங்க வரவாளைக் கவனி."

நாதஸ்வரக்காரர்கள் இன்னும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். காருக்குப் பூச்சரம் கட்டி முடியவில்லை. நான் யாரிடமும் சொல்லாமல் தெரு முனையில் இருக்கும் தங்கப்பன் கடைக்கு விரைந்தேன். வளையல், ரிப்பன், நூல்கண்டு எல்லாம் விற்கிற கடை.

பொத்தான் கிடைத்தது. பொன்னிறம், பின்னால் வளையம் வைத்தது. மேலே இருக்கும் பூ வேலைப்பாடு மட்டும் கொஞ்சம் வேறு. காரில் போகும்போது யாருக்கும் தெரியாது.

"நல்ல கெட்டி நூலா ஒண்ணு குடு. ஒரு ஊசியும்," என்றேன்.

தங்கப்பன் நூலை எடுத்து வைத்தான். ஊசியை எடுக்கவில்லை. கடைக்குள் சாமி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைக் காட்டினான்.

"விளக்கு வெச்சாச்சே சாமி. இனி நாளைக்குக் காலத்ததான் ஊசி."

"கடையில விக்கறதுக்கு அதெல்லாம் பாக்கணுமா?"

"கடையில இருக்க ஐசுவரியமும் அதோட போயிருமுன்னு அம்மை சொல்லும். பொறவு, சாமி வீட்டுல கேட்டா மட்டும் குடுப்பேளா?"

கொடுக்க மாட்டேன். விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டில் ஊசி கேட்டு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியவன் நான். கடையில் வாங்குவது வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் கேட்டதும் அது நிற்கவில்லை. இந்தத் தெருவில் எந்த வாசலில் போய் நின்றாலும் இதே பதில்தான் வரும். பொத்தானை மட்டும் ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

திரும்பும் வழியில் ஒரு முடிவுக்கு வந்தேன். அவள் சபையில் சொல்வதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும். தப்பு எங்களுடையது, கோட்டைச் சரியாகப் பார்த்து வாங்காதது நான், பெண்ணையோ பெண்ணின் அம்மாவையோ யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம். இவ்வளவுதான். இந்த வயதுவரை சம்பந்தி என்று யார் முன்னாலும் நான் தலை குனிந்ததில்லை. வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை உடை மாற்றிய வீட்டின் கூடத்தில் வாலாம்பாளும் சுமந்த்தும் மட்டும் இருந்தார்கள். என்னைக் கண்டதும் இருவரும் எழுந்து நின்றார்கள்.

"மாமி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம் மாமா. நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்," என்றாள். "நீங்க பாத்துட்டேள். பாத்துட்டு விறுவிறுன்னு போனேளே, அப்பவே எல்லாம் போச்சுன்னு நினைச்சுண்டேன்."

அவள் சுமந்த்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்க குடுத்த கோட்டுல ஒரு குத்தமும் இல்லை. எல்லாம் இந்தத் தடியனாலயாக்கும். நிச்சயமானதுலேந்து ஆத்துக்கு ஆத்து விருந்து. போறும்னு சொல்ல நாக்கு வரலை. முந்தாநாள் சாப்பிட்ட கையோட போட்டுப் பாத்தான். கண்ணாடி முன்னாடி நின்னு ஒரு தும்மல். பொத்தான் தெறிச்சு ஜன்னல் வழியா ஓடையில போயாச்சு."

"ஜலதோஷம் அத்தை," என்றான் சுமந்த்.

"ஜலதோஷமா? அன்னிக்கு நாலு தடவை பாலடைப் பாயசம் வாங்கிக் குடிச்சியே, அது ஜலதோஷத்துக்கு மருந்தா?" என்னிடம் திரும்பினாள். "தையல்காரர்ட்ட போனா உங்க காதுக்கு வந்துடும்னு போகலை. வேற பொத்தான் வெச்சா உங்க கண்ணுல பட்டுடும். குடுத்த சாமானை நாலு நாள் வெச்சுக் காப்பாத்தத் தெரியாதவாத்துலயா பொண்ணைக் குடுக்கறதுன்னு நீங்க கேட்டா, நாங்க என்ன சொல்லுவோம்? நீங்க சபையில வெச்சே கேட்டுடுவேளாம்."

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொன்னா."

நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்துக்கு இனி வேலை இல்லை. ஜிப்பாப் பையிலிருந்து பொத்தானை எடுத்து நீட்டினேன்.

வாலாம்பாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது எப்படி உங்க கையில?"

"கல்யாணம்னா எல்லாம் கையில வெச்சிண்டிருக்கணும் மாமி."

"அதான் சொன்னா, உங்காத்துல எதுவும் தப்பாதுன்னு," என்றாள். நான் அதை மறுக்கவில்லை.

"ஆனா ஊசி கிடையாது. விளக்கு வெச்சாச்சு," என்றேன்.

"ஐயோ, ஊசி எடுக்கவே கூடாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் மாங்கல்யச் சரட்டிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "இது ஊசியில சேருமா மாமா?"

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் நிதானமாகவே யோசித்தேன்.

"ஊசின்னா நூல் கோக்கக் கண் இருக்கணும். இதுக்குக் கண் இல்லை. தைக்காது, பிடிக்கும் அவ்வளவுதான். தோஷமில்லை."

"நானும் அதையேதான் நினைச்சேன்," என்றாள்.

அவள் கோட்டின் உள்பக்கத்திலிருந்து ஊக்கைக் குத்தி, பொத்தானின் வளையத்தில் கோத்துப் பூட்டினாள். சுமந்த் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள, நான் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

"மண்டபம் வரைக்கும் ஆழமா மூச்சு விடாதே," என்றேன்.

"தும்மினா பெரியப்பா?"

"தும்மாதே."

வாலாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அங்கவஸ்திரத்தை அவளே எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் சாயைக் கூப்பிட்டு, "இப்ப எடு. கோட்டு நன்னாத் தெரியணும்," என்றாள்.

நாதஸ்வரம் தொடங்கியது. கார் தெருவில் ஊர்ந்தது. வாசல்களில் நின்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள். "துணி ஏ கிளாஸ்," என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. சுமந்த் நிமிர்ந்து, அசையாமல், ஒரு கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருந்தான். பையன் கம்பீரமாக இருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான் என்பது எங்கள் மூவருக்கு மட்டும்தான் தெரியும்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டுகளுக்குப் பின்னால் மீரா நின்றிருந்தாள். முகம் வாடிக் கிடந்தது. கூட்டம் உள்ளே போனதும் என் அருகில் வந்தாள்.

"என்ன ஆச்சு அண்ணா? வாலாம்பா மாமி ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா."

"என்ன சொன்னா?"

"பொத்தானைத் தொலைச்சது அவாளாம். நான் கோவிச்சுப்பேனோன்னு பயந்துண்டு ரெண்டு நாளா மறைச்சு வெச்சிருக்கா."

மீரா என்னையே பார்த்தாள். "உங்களுக்குப் பயந்துண்டா?"

"ஆமாம்."

"அப்பா இல்லாத பொண்ணுன்னு...?"

"அந்தப் பேச்சே இல்லை. யாரும் நினைக்கக்கூட இல்லை."

அவள் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. பந்திக்குப் போய்க்கொண்டிருந்த பரிசாரகரைக் கூப்பிட்டு ஒரு காப்பி கொண்டுவரச் சொன்னாள்.

"எனக்கும் ஒண்ணு," என்றேன். அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.