பின்பலகை ஸ்விட்ச்

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் ஃபியூஸ். படகுகளுக்கு வயரிங் செய்வது என் தொழில் என்பதால் மட்டும் இல்லை, கோபம் வந்தால் சட்டென்று எரிந்துபோய்விடுவேனாம். தங்கச்சிக்கு இந்தப் பெயரை வைத்தது என் அண்ணன். போன மழைக்காலத்தில் நண்டு பிடிக்கத் தனியாகக் கடலுக்குப் போனான். படகு மட்டும் மிதந்து வந்தது. உடம்பு கிடைக்கவில்லை.

இப்போது அதே படகில் அண்ணி தனியாகப் போகப் போகிறாளாம். நண்டுக் கூடைகள் சும்மா கிடக்கின்றன, நானும் சும்மா கிடக்கிறேன், நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன், நீ அந்தச் சின்ன எஞ்சின் பிராக்கெட்டை மட்டும் சரிபண்ணிக் கொடு என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டில் ஒரு ஆளைக் கடலுக்குக் கொடுத்தது போதாதா என்று கத்தினேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. அவள் பிடித்த பிடியை விடமாட்டாள் என்பது ஊருக்கே தெரியும். போய்த் தொலையட்டும், ஆனால் திரும்பி வருகிற மாதிரி படகைச் செய்து கொடுப்பது என் பொறுப்பு என்று கருவிப் பையைத் தூக்கினேன்.

படகின் பின்பலகையில் பெரிய எஞ்சின் ஒன்று. அதற்குப் பக்கத்தில், பிராக்கெட்டில் தொங்கும் சின்ன எஞ்சின் ஒன்று. பெரியது மக்கர் பண்ணினால் சின்னதைத் தண்ணீருக்குள் இறக்கிக்கொள்ளலாம். மற்ற நேரம் அது மேலே இருக்க வேண்டும். ஏற்றவும் இறக்கவும் ஒரு மோட்டார், அதற்கு ஒரு ஸ்விட்ச். பழைய ஸ்விட்ச் உப்புத் தண்ணீர் பட்டுப் பச்சை பூத்துப் போயிருந்தது.

கடைக்காரர், நீல விளக்கு எரியும் ஸ்விட்ச் ஒன்றை எடுத்து நீட்டினார். அழுத்தினால் அழுத்திய இடத்திலேயே நிற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும் என்றார். அழகை வைத்து நாக்கு வழிக்கவா என்று கேட்டேன். எனக்கு வேண்டியது ஸ்பிரிங் வைத்தது. விரல் இருக்கும்வரை வேலை செய்யும். எடுத்தால் தானே நடுவுக்கு வந்து நின்றுவிடும். கவனம் தப்பினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து எதையும் முறிக்காது. மேலே ரப்பர் உறை போட்டதாகப் பார்த்து வாங்கினேன்.

படகுத்துறையில் கட்டியிருந்த படகில், ஸ்டியரிங்கிற்குப் பக்கத்தில், கைக்கு வாகான இடத்தில் மாட்டினேன். மேல் பாதியை அழுத்தினால் ஏறியது. கீழ்ப் பாதியை அழுத்தினால் இறங்கியது. விரலை எடுத்தால் நின்றது. அண்ணன் இருந்திருந்தால் குறை கண்டுபிடிக்க அரை மணி நேரம் தேடியிருப்பான்.

சின்ன எஞ்சினை மேலே ஏற்றி வைத்துவிட்டு, கரையில் டீ குடித்துத் திரும்பினேன். அது கீழே இறங்கியிருந்தது.

பக்கத்துப் படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் பாவம், இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முழங்கைவரை பெயின்ட். என் ஸ்விட்சில் ஒரு பொட்டுகூட இல்லை. மறுபடியும் ஏற்றினேன். ஸ்குரூடிரைவரை எடுக்கக் குனிந்தபோது மோட்டார் முனகும் சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் எஞ்சின் தண்ணீரைத் தொட்டுவிட்டது.

எங்கோ வயர் உரசுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கடைசியாக ஒருமுறை ஏற்றிவிட்டு, பேட்டரியிலிருந்து இரண்டு வயரையும் கழற்றிக் கீழே போட்டேன். திருகுத் தண்டில் ஏறி இறங்கும் பிராக்கெட் அது. மோட்டார் சுற்றாமல் எடையால் இறங்காது. இப்போது இறங்கு பார்க்கலாம் என்று எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ரப்பர் உறையின் கீழ்ப் பாதி மெல்ல உள்ளே அமுங்கியது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம், அதில் ஈரம். மோட்டார் முனகியது.

மேல் பாதியில் என் விரலை வைத்து அமுக்கினேன். ஐஸ் மாதிரி இருந்தது. எதிர்ப்பக்கம் அழுத்தியதில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கத்திவிட்டேன்.

சாப்பாடு கொண்டு வந்த அண்ணி ஓடிவந்தாள். கழற்றிப் போட்டிருந்த பேட்டரி வயர்களையும் இறங்கிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. பின்பலகையில் வயிற்றைச் சாய்த்து வெளிப்பக்கம் எட்டிப் பார்த்து, என்னையும் கூப்பிட்டாள். அங்கே பெயின்ட் கீறல் கீறலாக உரிந்திருந்தது. கயிறு உரசியது என்று நான் நினைத்திருந்தேன். கயிறு நாலு நாலு கோடாகக் கீறாது.

"அவரு விழுந்த அன்னைக்கு இந்தச் சின்ன எஞ்சின் மேல இருந்திருக்கு," என்றாள். "கீழ இருந்திருந்தா எஞ்சின் விசிறிக்கு மேல இருக்கிற தகட்டுல கால் வெச்சு ஏறியிருப்பாரு. ஸ்விட்ச் உள்ள இருக்கு. தண்ணிக்குள்ள இருக்கிறவருக்கு எப்படி எட்டும்?"

நாங்கள் எல்லாருமே, இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும், ஸ்டியரிங்கில் நிற்கிறவருக்கு வாகாகத்தான் ஸ்விட்ச் மாட்டுவோம். விழுந்தவரை யாரும் நினைப்பதில்லை.

கடைக்கு ஓடி அதே மாதிரி இன்னொன்று வாங்கி வந்தேன். கனமான மின்சாரத்தை ரிலேக்கள் பார்த்துக்கொள்ளும், ஸ்விட்ச் உத்தரவு கொடுத்தால் போதும். அதனால் உள் ஸ்விட்சுக்குப் போன மூன்று வயரோடு புது ஸ்விட்சின் மூன்று வயரை இணைத்தால் வேலை முடிந்தது. பின்பலகையின் வெளிப்பக்கம், தண்ணீருக்குச் சற்று மேலே, துளையிட்டு, பசை பூசி, இறுக்கினேன். பேட்டரியை மாட்டினேன். குப்புறப் படுத்து வெளியே கையைத் தொங்கவிட்டு ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். சொன்ன பேச்சு கேட்டது. இனி அண்ணி தவறி விழுந்தாலும் ஏறி வந்துவிடலாம். அன்றைக்கு அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

படகின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

அலை இல்லை. பக்கத்துப் படகுகள் அசையவில்லை. கனமான ஆள் கால் வைத்து ஏறினால் எப்படித் தாழுமோ, அப்படித் தாழ்ந்தது. அண்ணி எழுந்து முன்பக்கம் போய் உட்கார்ந்தாள். விசிறியில் சிக்கிய வலையை எடுத்துவிட்டு அண்ணன் ஏறும்போதெல்லாம் படகு சாயாமல் இருக்க அவள் அப்படித்தான் உட்காருவாளாம். படகு நேரானது. பலகையில் ஈரம் திட்டுத் திட்டாகப் படர்ந்து, என்னைத் தாண்டி ஸ்டியரிங்வரை போனது. உள் ஸ்விட்சின் மேல் பாதி அமுங்கியது. பிராக்கெட் முழுதாக ஏறி நின்றது.

கூடப் பிறந்தவன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது.

"இறங்கி வாங்க அண்ணி," என்றேன். "வீட்டுக்குப் போகலாம்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், ஸ்டியரிங் பக்கம், ஒரு ஆள் உயரத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை மழைக்காலத்துக்கு அப்புறம் நான் பார்க்கவே இல்லை.

"நாளைக்கு எதுக்கு, இன்னைக்கே போலாம்கிறாரு," என்றாள். "நீ இறங்கிக்கோம்மா."