மைக் டெஸ்ட்

எஃப்.எம். நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் அருளம்மாள் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, பலகாரக் கடை என்று பன்னிரண்டு வருடமாக விளம்பரப் பாட்டுப் பாட, யாரையும் கேட்காமல் நுழைந்த கதவு அது. இன்று காவலாளி குருநாதன் குறுக்கே நின்றுகொண்டான்.

"மேனேஜர் சொல்லாம உள்ள விடக் கூடாதாம்க்கா. கோவிச்சுக்கிறாதீக."

காலையில் அமராவதிபுதூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போதுதான் ரேடியோவில் அதைக் கேட்டாள். புது நகைக் கடைக்கு ஒரு பாட்டு. குரல் அவளுடையது. 'வாங்க' என்பதை நீட்டிக் கடைசியில் ஒரு சுழி சுழித்து இறக்குவது, கோயில் பாடற்குழுவிலிருந்து அவள் கொண்டுவந்த பழக்கம். ஆனால் அந்தப் பாட்டை அவள் பாடவே இல்லை. இரண்டு மாதமாக அவளை யாரும் கூப்பிடவும் இல்லை.

கண்டக்டர் வேறு, "ஜோராப் பாடியிருக்கீகக்கா" என்று சிரித்தான். அவள் நேரே நிலையத்துக்கு வந்துவிட்டாள்.

மூன்று மாதம் முன்னால் மேனேஜர் தண்டாயுதபாணி கூப்பிட்டு, புது மைக் வந்திருக்கிறது, டெஸ்ட்டுக்குப் பாடுங்கள் என்றார். மெட்டும் இல்லை, பாட்டும் இல்லை. ஆ, ஈ, ஊ என்று மேலும் கீழும். சிரிப்பு. 'வாங்க' மட்டும் நாற்பது தடவை. மூன்று மணி நேரம், பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டு பாடினாள். அவரே போதும் என்றபோதும் விடவில்லை. "இந்த 'ஈ' பிசிறடிக்குது சார், இன்னொருக்கப் பாடிர்றேன்" என்றாள். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக் கொடுத்திருக்கிறாள், அதையும் பிசிறில்லாமல்.

தண்டாயுதபாணி கையில் போனோடு வெளியே வந்தார்.

"என்னையக் கேக்காம என் தொண்டைய எப்படி சார் எடுத்தீக?"

"நீங்க எங்கக்கா பாடுனீக? அன்னைக்குப் பதிஞ்சத வச்சு கம்ப்யூட்டர் பாடுது. கடைக்காரவுக காலையில கேட்டா மத்தியானம் குடுத்துர்றோம். அதுக்குத் தொண்டையும் கட்டாது."

"அப்ப நான்?"

"வீட்டுல ரெஸ்ட் எடுங்க. வயசும் ஆகுதுல்ல."

"அது என் குரலு சார். அழிச்சுருங்க."

"கையெழுத்துப் போட்டிருக்கீகளே."

"மைக் டெஸ்ட்டுன்னுதான சொன்னீக! வந்ததுக்கு அடையாளம்னு தாள நீட்டுனீக, போட்டேன். இது பச்சைத் திருட்டு சார்!"

அவர் போனைக் காதில் வைத்தபடி உள்ளே போய்விட்டார். அருளம்மாள் பின்னாலேயே எழுந்து கதவில் கை வைத்தாள். குருநாதன் அவள் முகத்தைப் பார்க்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்க்கா. என் வேலை போயிரும்."

கதவுக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது. குடும்பத்தோடு வாங்க, உள்ளே வாங்க என்று அவள் குரல் ஊரையே அழைத்தது. கடைசிச் சுழியில் ஒரு பிசிறு இல்லை. குருநாதன் உள்ளே போய், கதவை உள்பக்கமாகத் தாழிட்டான்.