இழுக்கிறது வேறு, சுமக்கிறது வேறு

ட்ரக்கின் கதவை அகலத் திறந்துவிட்டு, கழுத்தைச் சரித்து, கதவுத் தூணில் ஒட்டியிருந்த சீட்டைப் பஞ்சாட்சரம் மூன்றாம் தடவையாகப் படிக்கிறார், ஆட்களும் சாமானும் சேர்த்து அறுநூற்றெண்பது கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது, முதலில் பார்த்த சின்ன ட்ரக்கில் அறுநூற்றுப் பத்து, வேலியோரம் நிற்கிற டீசல் பூதத்தில் ஆயிரத்து நானூறு, விற்பனையாளன் நிரஞ்சன் நாற்பது வயசுக்காரன், வாய்க்காரன், அண்ணை, இது நாலாயிரம் கிலோ இழுக்கும், உங்கட ட்ரெயிலர் என்ன, நிறைய ஏத்தினாலும் ரெண்டாயிரத்து எழுநூறு, இதுக்கு அது ஒரு பாரமே என்கிறான், இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற தம்பி என்கிறார் இவர், ட்ரெயிலரின் மூக்கு ட்ரக்கின் வாலில் குந்துகிற பாரமே முந்நூற்றிருபது கிலோ, அதை இந்தச் சீட்டில் கழித்த பிறகுதான் மனிசர், அதற்குப் பிறகுதான் அரிசி மூட்டை, மினுக்கத்தைப் பார்த்து வாங்கிவிட்டு மலையிறக்கத்தில் கடவுளைக் கூப்பிட்டவர்களை அவர் அறிவார். இருபத்திரண்டு வருசம் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் தராசடியில் நின்ற மனிசர், பெட்டியைக் கண்ணால் பார்த்தே நிறை சொல்லுவார், ஒரு கிலோ பிசகாது, வேலையை விட்டு வந்தபோது அவர் கொண்டுவந்த சொத்து அந்தப் பெருமை ஒன்றுதான்.

சரி அண்ணை, எத்தினை பேர் போவியள், என்று நிரஞ்சன் கேட்டான், சின்னக் கேள்விதான், இவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார், தான் எழுபத்தெட்டு, மனிசி மங்களம் அறுபத்தெட்டு, மகள் தர்சிகா அறுபது, மருமகன் எண்பத்தாறு, பேரப்பிள்ளைகள் இரண்டும் இருக்கைகளோடு ஐம்பது, சாமான் நூறு, நிரஞ்சன் போனில் கூட்டிப் பார்த்துவிட்டு, அப்ப டீசல்தான் அண்ணை, நீங்களும் அக்காவும் மட்டுமெண்டால் முதல் பாத்த சின்னதே காணும் என்றான், ஆறுதலா யோசியுங்கோ, ஏறி இருந்து பாருங்கோ. இவர் ஏறி இருந்தார், கதவைச் சாத்தினார், வெளிச்சத்தம் அறுந்துபோயிற்று, எத்தனை பேர் போவீர்கள், மூன்று வருசமாக, படுக்கையும் குசினியும் உள்ள அந்த ட்ரெயிலருக்குள் ஒரு ஆள் ஏறியதில்லை, இவரைத் தவிர.

அதை வாங்கியது ஓய்வு பெறுகிற மாதம், தெருக்கோடியில் வீடு மாறிப்போன ஒருவரிடம், இழுக்க ஒரு வாகனம் இல்லாமலே வாங்கி, அவரைக் கொண்டே வாசலில் கொண்டுவந்து விடச்சொன்னார், மங்களம் வெளியே வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள், மாடில்லாமல் வண்டில் வாங்கின ஆளை இண்டைக்குத்தானப்பா காணுறன் என்றாள், சொல்லிவிட்டு அன்று பின்னேரமே உள்ளே போய் அலுமாரி அலுமாரியாகத் திறந்து, இதுக்குள்ள மிளகாய்த்தூள், இதுக்குள்ள பருப்பு என்று இடம் பிரித்தாள், முதலில் எங்க போவம் என்று கேட்டாள், கடல் கண்ட இடமெல்லாம் நிப்பாட்டுவம் என்று இவர் சொன்னார், அடுத்த கிழமை கல்கரியிலிருந்து மகளின் போன், பிள்ளைப்பேறு, பத்தியக்கறி வைத்துக்கொடுக்கத் தாய் வேண்டாமா, பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் கழிச்சுப்போட்டு வாறன் என்று மங்களம் பிளேன் ஏறினாள், முப்பத்தொண்டு கழிந்தது, மகள் வேலைக்குத் திரும்பினாள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, பிறகு இரண்டாவது பிள்ளை, இன்னொரு முப்பத்தொண்டு, இவர் இரண்டு மாரிக்கு முன் ஒருதரம் போய்ப் பத்து நாள் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டு வந்தார், மருமகன் நல்ல பெடியன், ஆனாலும் அது மருமகன் வீடு. இப்போதெல்லாம் பின்னேரங்களில் தேத்தண்ணியோடு ட்ரெயிலருக்குள் போய், நாலு பேருக்கான மேசையில் ஒரு மூலையில் இருக்கிறார், இராச்சாப்பாடு பாணும் சம்பலும், அவருக்குத் தனிமையாக இருந்தது, சொல்ல வெட்கமாகவும் இருந்தது, மனிசி குத்துக்கல்லு மாதிரி இருக்கிற ஆளுக்கு என்ன தனிமை என்றுதானே கேட்பார்கள்.

இருக்கையின் தோல் வெயிலில் சூடேறி முதுகுக்கு இதமாக இருக்கிறது, கண் தானாக மூடுகிறது, ட்ரக் ஓடுகிறது, பின்னால் ட்ரெயிலர் வருகிறது, இல்லை, அது ட்ரெயிலர் இல்லை, லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டி, தொண்ணூற்றைந்து ஐப்பசி, மழை, ஆமி வருகுதென்று யாழ்ப்பாணம் முழுக்க ஒரே றோட்டில் நகருகிறது, அயலவரிடம் இரந்து வாங்கிய லாண்ட்மாஸ்ரரை இவர் ஓட்டுகிறார், பெட்டியில் மூட்டைகளுக்கு மேல் மங்களம், மடியில் ஒரு வயதுத் தர்சிகா, நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி அசையமாட்டேன் என்று நிற்கிறது, பக்கத்தில் ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி நனைந்துகொண்டு நடக்கிறாள், பாரம் கூடிப்போச்சு, இனி ஆரையும் ஏத்தேலாது என்று இவர் கத்துகிறார், அப்ப சாமானை இறக்குங்கோ, ஆளை ஏத்துங்கோ என்கிறாள் மங்களம், சொன்னதோடு நில்லாமல் தன் சீதனத் தையல் மெசினைத் தானே காலால் உதைத்துத் தள்ளுகிறாள், சேற்றில் அது விழுந்த சத்தம், வண்டி அசைகிறது, இவர் திரும்பிப் பார்க்கிறார், அவள் சிரிக்கிறாள், எல்லாம் போன அந்த நாளில் சிரித்த ஒரே மனிசி அவள்தான், பக்கத்து இருக்கையைப் பார்க்கிறார், தோடம்பழம் உரித்துச் சுளை நீட்டுகிறாள், கடல் வந்திட்டுதோ என்கிறாள், கையை நீட்டினால் இருக்கையில் விலைச்சீட்டுத்தான் கிடக்கிறது.

தாளைத் திரும்பப் பார்த்தார், தராசுக்காரப் புத்தி, சும்மா கிடக்கவிடாது, மங்களம் அறுபத்தெட்டு என்பது எப்போது நிறுத்த நிறை, அது அவள் பிளேன் ஏறமுதல், சரிபார்க்காத நிறையைத் தாளில் எழுதுவது அவர் தொழிலில் பாவம், போனை எடுத்தார், கல்கரியில் காலை ஒன்பது மணி, இப்போதெல்லாம் படம் தெரிகிற போனில் பேரப்பிள்ளைகளின் முகம்தான் திரை முழுக்க, இவள் பின்னாலிருந்து குரல் மட்டும் கொடுப்பாள், இன்றைக்கு வெறும் குரல். என்னப்பா இந்த நேரத்தில, என்றாள், இஞ்சரும், நீர் எத்தினை கிலோ என்று கேட்டார், கிழவனுக்கு விசர் என்று சிரித்தாள், இல்லையப்பா, ட்ரக் பாக்க வந்தனான், கணக்குக்கு வேணும், போன கிழமைதான் டொக்டரிட்ட ஏறி நிண்டனான், ஐம்பத்துமூண்டு என்றாள்.

இவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார், என்ன வருத்தம், ஏன் எனக்குச் சொல்லேல்லை, வருத்தமொண்டுமில்லையப்பா, எல்லா இரத்தமும் எடுத்துப் பாத்தாச்சு, சாப்பாடு மனமில்லை, அவ்வளவுதான், பெரியவன் பாலர் பள்ளிக்கூடம், சின்னவள் நித்திரை, அவையள் ரெண்டுபேரும் வர ஆறரை ஆகும், பிறகு ஆளுக்கொரு நேரம் சாப்பிடுவினம், எனக்கொராளுக்கு என்னத்தை வைக்கிறது, ஒரு துண்டு பாணோட காணும். பஞ்சாட்சரம் தாளில் கழித்துப் பார்த்தார், பதினைந்து கிலோ, பொதிமேல் பொதியாக உலகத்துச் சாமானெல்லாம் நிறுத்தவர், தன்னுடைய மனிசி பதினைந்து கிலோ கரைந்ததைக் காணவில்லை, தான்தான் தனித்துப்போனேன் என்று மூன்று வருசம் தன்னையே நினைத்துக்கொண்டிருந்தார், அவள் ஐந்து பேர் வீட்டில் அல்லவா தனித்திருந்திருக்கிறாள். என்ன சத்தத்தைக் காணேல்லை, நான் ஏறினா ட்ரக் தாங்காதோ என்றாள் மங்களம், தாங்கும் என்றார், பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிட்டார்.

இறங்கி வந்தபோது நிரஞ்சன் கோப்பிக் கோப்பையோடு நின்றான், அப்ப எது அண்ணை, டீசலோ என்றான், தம்பி, இண்டைக்கே எடுத்துக்கொண்டு போகக்கூடியது எது, என்றார் இவர், அவன் திகைத்து, சின்னது நிக்குது, ஆனால் ட்ரெயிலர் கொழுவிறதைப் பூட்ட ஒரு கிழமை ஆகுமே என்றான், ட்ரெயிலர் அதுபாட்டுக்கு வாசலில் நிக்கட்டும், கடிதாசியை எழுதும், எங்கயண்ணை இவ்வளவு அவசரம், கல்கரிக்கு, ஐயோ அண்ணை, மூண்டு நாலு நாள் ஓட்டம், பிளேனில நாலு மணித்தியாலம், பிளேன்காரன் இருபத்துமூண்டு கிலோதானே விடுவான் தம்பி, எனக்குப் புட்டுப்பானை, அம்மி, தாச்சி, மிளகாய்த்தூள், அரிசி எல்லாம் கொண்டுபோகவேணும், அங்க போய்ச் சமைக்கப்போறன், என்றார், எவ்வளவு காலத்துக்கு அண்ணை என்று அவன் கேட்க, அவ அறுபத்தெட்டு ஆகுமட்டும் என்றார்.